பனியை எங்கே வைத்து அளந்தார்கள்?

காலை ஷிப்டுக்கு ஒரகடம் போகும் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து, பனிச்சறுக்கு டூருக்கு ஊர் தேடிக்கொண்டிருந்தேன்.

"காஷ்மீர் குல்மார்க்ல இடுப்பளவு பனி. உத்தரகாண்ட் அவுலில முழங்கால் அளவுதான். குல்மார்க்கே போலாம்டா" என்றேன்.

பக்கத்தில் குவாலிட்டி செக்‌ஷன் குமார். "எங்க வெச்சி அளந்தானுங்க?"

போனைப் பார்த்தேன். குல்மார்க்கில் மலை உச்சியில் அளந்தது, அவுலியில் ஓட்டல் வாசலில்.

"இன்னாடா இது? வேற வேற எடத்துல அளந்துட்டு ஒண்ணா வெச்சிப் பாப்பியா? லைன்ல இப்டி ஒரு ரிப்போர்ட் குடுத்துப் பாரு!"

முன்சீட்டிலிருந்து சூப்பர்வைசர் திரும்பினார். "ரெண்டு ஊருக்கும் லீவு ஒரே அளவுதான்பா. ஞாயித்துக்கெழம மட்டும்."

ஞாயிறு காலை போய் இரவே திரும்புகிற தூரத்தில் எங்காவது பனி பெய்தால் சொல்லுங்கள். எங்கே வைத்து அளந்தது என்பதையும் போடுங்கள், குமார் கேட்பான்.