சயாம் துளசியும் என் நாத்தனாரும்

ஜப்பான்காரன் பினாங்கைப் பிடித்த இரண்டாம் வருடம். எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. டத்தோ கிராமாட் ரோட்டுக்குப் பின்னால் ஒரு வீட்டில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம்: நான், பட்டர்வொர்த் ரயில் அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த என் வீட்டுக்காரர், கணவரை இழந்து எங்களோடு வந்துவிட்ட அவருடைய அக்கா. வீட்டைச் சுற்றி மரவள்ளி நின்றது. எல்லா வீட்டிலும் உணவுப்பயிர் போட வேண்டும் என்று உத்தரவு. ரோஜாச் செடியைப் பிடுங்காமல் வைத்திருந்த எதிர்வீட்டுக்காரர் கன்னத்தில் வாங்கியதைத் தெருவே பார்த்தது.

காலையில் அவித்த மரவள்ளி. மதியம் மரவள்ளியோடு தேடிப் பிடிக்க வேண்டிய அளவு சோறு. ராத்திரி மரவள்ளி மாவு ரொட்டி. எனக்குச் சமைக்கத் தெரியவில்லை என்று வீட்டுக்காரர் ஒரு நாளும் சொன்னதில்லை. தட்டைப் பார்த்ததும் ஒரு பெருமூச்சு விடுவார், அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டில் ஒரு சயாம்காரப் பெண்மணி, சீனத் தச்சர் ஒருவரைக் கட்டிக்கொண்டு வந்தவள். அவர்களும் அதே மரவள்ளியைத்தான் தின்றார்கள். ஆனால் அவள் சட்டியை அடுப்பில் வைத்தால், சோம்பையும் கிராம்பையும் சேர்த்துக் கசக்கியது போல ஒரு வாசனை வேலியைத் தாண்டி வந்து என்னைப் படுத்தும். ஒரு நாள் வெட்கத்தை விட்டு, எனக்குத் தெரிந்த சந்தைக்கடை மலாயில் அது என்னவென்று கேட்டே விட்டேன்.

அவள் ஓர் இலையைக் கிள்ளி நீட்டினாள். "செலாசி. எங்க ஊர் செலாசி" என்றாள். துளசி ஜாதிக்கு மலாயில் அந்தப் பேர். கூடவே ஒரு சிட்டிகை விதையையும் காகிதத்தில் மடித்துக் கொடுத்தாள். கடுகைவிடச் சின்னது, கன்னங்கரேல் என்று இருந்தது.

எந்த விதையானாலும் ஊறவைத்து நட்டால் சீக்கிரம் முளைக்கும் என்பதுதான் எனக்குத் தெரிந்த விவசாயம். விதையை ஒரு தம்ளர் தண்ணீரில் போட்டு, அடுப்புப் பக்கம் வைத்துவிட்டுத் துணி துவைக்கப் போனேன். திரும்பி வந்தபோது தம்ளர் காலி. வீட்டுக்காரர் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் இருந்துச்சு, வழவழன்னு. சீனி கிடைக்கலையா?"

"அய்யோ, அது விதைங்க! நடறதுக்கு வச்சிருந்தேன்!"

அவர் மெல்ல வயிற்றைத் தடவிப் பார்த்தார். "முளைக்குமா?"

அன்று முழுவதும் அவர் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

நடந்ததைக் கேட்டுச் சயாம்காரி வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு மறுபடியும் விதை கொடுத்து, கையால் செய்தும் காட்டினாள். ஊறவைக்கக் கூடாது. புதைக்கவும் கூடாது. ஈர மண்மேல் தூவி உள்ளங்கையால் அமுக்க வேண்டும். தண்ணீரை ஊற்றாமல் தெளிக்க வேண்டும். ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தின் அடியில் ஓட்டை போட்டு அப்படியே செய்தேன். மழை வந்தால் தகரத்தை வாழையிலையால் மூடினேன். ஐந்தாம் நாள் பச்சைப் பொட்டுகள் தெரிந்தன. இரண்டே மாதத்தில் ஊதாத் தண்டோடு புதராக நின்றது.

அதைப் பறிக்கப் போன காலையில் பார்க்கிறேன், தகரத்துக்குக் குங்குமம் வைத்திருக்கிறது! நாத்தனார் ஈரப் புடவையோடு அதைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"பெருமாளே நம்ம வீடு தேடி வந்துட்டாருலா" என்றார்.

"அக்கா, இது சமையலுக்கு வளர்த்தது…"

"துளசியைக் குழம்புல போடுவியா? உங்க வீட்டுல அப்படித்தான் பழக்கமா?"

பறிக்கக் கொண்டுபோன கிண்ணத்தைத் திரும்ப அடுப்படியில் வைத்தேன். இரண்டு வாரம் வாசனை மட்டும்தான் கிடைத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பயிர் பார்க்க ஒரு ஜப்பான் அதிகாரி வந்தான். நாங்கள் மூவரும் இடுப்பு வளைய வணங்கினோம். மரவள்ளியைப் பார்த்துத் தலையாட்டியவன் தகரத்தின் முன் நின்றுவிட்டான். குங்குமத்தைப் பார்த்தான். "இனி புங்கா?" என்று உறுமினான். பூச்செடியா என்று கேட்கிறான்.

எனக்கு எதிர்வீட்டுக்காரரின் கன்னம் ஞாபகம் வந்தது. வீட்டுக்காரருக்கும் வந்திருக்க வேண்டும். "மக்கான், துவான்! மக்கான்!" என்றார். சாப்பிடுவது, ஐயா, சாப்பிடுவது.

அதிகாரி நம்பவில்லை. நாத்தனாரை நோக்கி விரலை நீட்டி, "மக்கான்" என்றான்.

"தம்பி, சாமியைத் திங்கச் சொல்றான்டா!"

"தின்னுக்கா! இல்லன்னா அறை வாங்கறது நான்தான்!"

நாத்தனார் கண்ணை மூடி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, ஓர் இலையைக் கிள்ளி வாயில் வைத்தார். மென்றார். மெல்லுவது நின்றது. மறுபடி மென்றார். பிறகு யாரும் சொல்லாமலே இரண்டாவது இலையைக் கிள்ளினார். மூன்றாவதுக்குக் கை போனபோது அதிகாரி தானும் ஒன்றைப் பறித்து, முகர்ந்து பார்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

"இது துளசியே இல்லடி" என்றார் நாத்தனார். "சோம்பு மாதிரி இருக்கு. இத்தனை நாளா ஏன் சொல்லல?"

நான் கிண்ணத்தை எடுத்துவர அடுப்படிக்கு ஓடினேன்.

அன்று சாயங்காலம் அவித்த மரவள்ளியைத் துண்டு போட்டு, தேங்காயெண்ணெயில் பூண்டும் மிளகாயும் தாளித்துப் புரட்டினேன். சட்டியை இறக்கிய பிறகுதான் இலையைப் போட வேண்டும் என்று சயாம்காரி சொல்லியிருந்தாள். இரண்டு கைப்பிடி போட்டேன். வீட்டுக்காரர் தட்டைக் கழுவிக்கொண்டு தானாகவே வந்து உட்கார்ந்தார். அவருக்கும் அக்காவுக்கும் கடைசித் துண்டுக்குச் சின்னச் சண்டைகூட நடந்தது.

மறுநாள் நாத்தனார், பன்றி சமைக்கிற வீடு என்று அதுவரை எட்டிக்கூடப் பார்க்காத சயாம்காரியின் வாசலுக்கு, நாலு மரவள்ளிக் கிழங்கோடு போனார். இவருக்கு மலாய் வராது, அவளுக்குத் தமிழ் வராது. ஆனாலும் ஒரு மணி நேரம் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வரும்போது அவர் இடுப்பில் வேரோடு, எலுமிச்சை மணக்கிற ஒரு புல்லுக்கட்டு இருந்தது.

"இது என்னாக்கா?"

"யாருக்குத் தெரியும்? குடுத்தா, வாங்கிட்டு வந்தேன். குழி தோண்டு."