நாலாவது லைனுக்கு நோட்டீஸ்

இலவசமாக மென்பொருள் எழுதிக் கொடுத்துப் பாருங்கள். காசு கொடுத்து வாங்கியவனைவிட அதிகாரமாகப் புகார் சொல்ல ஆட்கள் வருவார்கள். ஓப்பன் சோர்ஸ் என்ற இந்தப் பொதுத்தொண்டில் மாட்டிக்கொண்ட சக நோயாளிகளுக்கு நான் சொல்வது புரியும். மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: மென்பொருள் ஓடும்போது தான் செய்வதையும் தனக்கு நேர்வதையும் வரிவரியாகச் சொல்லிக்கொண்டே போகும். அதற்கு லாக் என்று பெயர். அந்த வரிகளை ஒழுங்காக எழுதித் தரும் ஒரு சின்ன நிரல் தொகுப்பை, நாங்கள் லைப்ரரி என்போம், பினாங்கில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினேன். எங்கெங்கோ யார் யாரோ அதைப் பயன்படுத்துகிறார்கள். என் பெயர் வெளியில் நாலு பேருக்குத் தெரிகிறதென்றால் அதனால் மட்டும்தான்.

மூணு பாஷை

குணா, பாலத்துக்கு அக்கரையில் பிறை என்ற ஊரில், ஒரு தொழிற்சாலையில் மென்பொருள் பார்ப்பவன். என் லைப்ரரியை விடாமல் பயன்படுத்துபவன். விடாமல் திட்டுபவனும் அவன்தான். அவனுடைய கம்பெனி மென்பொருளுக்குள் வெவ்வேறு ஆட்கள் எழுதிய மூன்று பகுதிகள். ஒன்று என் லைப்ரரி வழியாக லாக் எழுதும். இன்னொன்றுக்கு வேறு ஒருவருடைய லைப்ரரிதான் வேண்டும். மூன்றாவது யாரையும் கேட்காமல் தன் இஷ்டத்துக்கு எழுதும். இயந்திரம் நின்றுவிட்டால் மூன்றையும் தேடிப்பிடித்துப் படித்தாக வேண்டும். ஒருநாள் பாலம் தாண்டி வந்து, கோப்பிக் கடையில் தலையில் கைவைத்தபடி சொன்னான்:

“மூணு பேரும் மூணு பாஷையில கத்துறானுங்க அண்ணே. நான் யாருக்குன்னு பதில் சொல்றது?”

எத்தனை ரகம்

இந்தத் தொல்லை குணாவுக்கு மட்டுமல்ல. அதனால் என்னைப் போல லாக் லைப்ரரி எழுதிய பல நாட்டுக்காரர்கள் சனிக்கிழமைதோறும் இணையத்தில் கூடினோம். எல்லாவற்றுக்கும் ஒரே இடைமுகம் என்பது திட்டம். அதாவது, கூப்பிடும் முறை ஒன்றாகிவிடும். பின்னால் நின்று எழுதுவது யாருடைய லைப்ரரியாகவும் இருக்கலாம். குணாவுக்கு இது விடுதலை. எனக்கோ பயம். என்னுடையதைத் தூக்கிவிட்டு வேறொன்றை வைக்க அப்புறம் எவ்வளவு நேரமாகும்? ஆனாலும் போனேன். இத்தனை பிடிவாதக்காரர்கள் எதிலாவது ஒத்துப்போவார்களா என்று பார்க்கும் ஆசை, பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. போகப் போக, குணாவுக்காக அந்தத் திட்டத்துக்கு வாதாடுபவனாகவே ஆகிவிட்டேன்.

முதல் சண்டை, செய்திகளை எத்தனை ரகமாகப் பிரிப்பது என்பதில். டீபக், இன்ஃபோ, நோட்டீஸ், வார்னிங் என்று தொடங்கி எமர்ஜென்சி வரை எட்டு. கிரிட்டிகலுக்கும் அலர்ட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று வாரக்கணக்கில் மல்லுக்கட்டினோம். மற்ற தொழில்களில் எப்படிப் பிரிக்கிறார்கள் என்று எனக்குக் குடைச்சல் எடுத்தது. என் மனைவி ஸ்டெல்லா ஆயர் ஈத்தாமில் ஒரு கிளினிக்கில் தாதி. உங்களிடம் எத்தனை ரகம் என்று கேட்டேன். வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமலே சொன்னாள்:

“ரெண்டுதான் லா. டாக்டரக் கூப்பிடணும். கூப்பிட வேணாம்.”

நாலாவது லைன்

எட்டு ரகமும் நிஜத்தில் எப்படி இருக்கிறது என்று பார்க்க, என் லைப்ரரியைக் கூட்டத்தில் எழுதிய வரைவுப்படி மாற்றிக் குணாவிடம் கொடுத்தேன். அவர்கள் தொழிற்சாலைக்குள் ஒரு பெரிய திரை உண்டு. லாக் வரிகள் அதில் ஓடும். ஒருநாள் காலை நாலாவது லைனில், அதாவது உற்பத்தி வரிசையில், லேபிள் சுருளை மாற்றியிருக்கிறார்கள். கவனித்துக்கொள், ஆனால் கவலைப்படாதே என்ற ரகம் அது. ஆகவே கொட்டை எழுத்தில் திரையில் வந்தது: நோட்டீஸ், லைன் 4.

நம் ஊரில் நோட்டீஸ் கொடுத்துவிட்டார்கள் என்றால் வேலை போயிற்று என்று அர்த்தம். எனக்கும் தெரியும், குணாவுக்கும் தெரியும். லாக் என்று உட்கார்ந்துவிட்டால் எங்கள் இருவருக்கும் ஊர் மறந்துவிடும், அவ்வளவுதான். அந்த லைனில் பல வருடமாக வேலை செய்யும் சாந்தி அக்கா கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு, குணாவின் அறைக்கு வந்து, குரலை உயர்த்தாமல் கேட்டாராம்:

“நோட்டீஸ் எனக்கு மட்டுமா, லைனுக்கேவா தம்பி?”

யார் படிப்பது

குணா அவரிடம் மன்னிப்புக் கேட்டுச் சமாதானப்படுத்தினான். எனக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமை இதைக் கூட்டத்தில் சொன்னேன். சிரிப்பார்கள் என்று நினைத்தேன், யாரும் சிரிக்கவில்லை. ஒருவர், தங்கள் ஊர் மருத்துவமனையில் மென்பொருள் நின்றுபோய், திரையில் ‘ஃபேட்டல்’, அதாவது உயிர்போகும், என்று வந்ததும் யாரோ செத்துவிட்டதாக நினைத்து ஆட்கள் ஓடிய கதையைச் சொன்னார். பிறகு ஆளுக்கொரு கதை. அன்றைக்குத்தான் நாங்கள் ஒருவர் பேச்சை ஒருவர் குறுக்கிடாமல் கேட்டோம்.

ஆனாலும் அந்தச் சொல்லை மாற்றவில்லை. உலகமெங்கும் நிரல்கள் ஏற்கெனவே அந்தச் சொல்லைத்தான் பேசுகின்றன. அப்படியானால் சாந்தி அக்காவுக்கு என்ன பதில் என்று சற்றுக் கோபமாகவே கேட்டேன். கூட்டத்தை நடத்திய ஈவா ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்:

“நிரலும் நிரலும் பேசிக்கொள்ளும் சொல்லைத்தான் நாம் முடிவு செய்கிறோம். சாந்தி படிக்கும் சொல்லை, சாந்தியைத் தெரிந்த நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.”

குணாவின் அழைப்பு

திரையில் ‘மக்லுமான்’ என்று, அறிவிப்புக்கான மலாய்ச் சொல்லை வைத்தோம். சாந்தி அக்கா அதை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லையாம். பொது இடைமுகத்துக்கு நானும் கைதூக்கினேன், நிறைவேறியது. குணா தன் மூன்று பகுதிகளையும் அதற்கு மாற்றினான். மூன்றும் ஒரே பாஷை பேசின.

கொஞ்ச நாள் கழித்து ஃபோன் செய்தான். வழக்கமான புகார் என்று நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். குரலில் அத்தனை உற்சாகம்:

“அண்ணே, உங்க லைப்ரரிய எடுத்துட்டு வேற ஒண்ணு போட்டுப் பார்த்தேன். ஒரு வரிதான் மாத்துனேன். ஒண்ணுமே ஆகல லா, லைன் அது பாட்டுக்கு ஓடுது. நீங்க சொன்னது சரிதான் அண்ணே.”

யாரை எடுத்துவிட்டு யாரை வைத்தாலும் வேலை நிற்கக்கூடாது என்று மாதக்கணக்கில் வாதாடியவன் நான். அந்த வழக்கில் ஜெயித்துத் தொலைத்துவிட்டேன்.