ஒரகடத்தில் நிறைவேறிய கடலோரக் காவல் மசோதா

தொழிற்சாலையில் மற்ற எல்லாத் துறைகளும் “இது எங்க வேலை இல்ல” என்று தள்ளிவிட்ட வேலைகள் கடைசியில் வந்து விழும் இடத்துக்குப் பெயர் எச்.ஆர். ரங்கோலிப் போட்டி, ரத்ததான முகாம், கேன்டீன் சாம்பாரில் உப்பு, பஸ்ஸில் ஜன்னல் சீட் சண்டை எல்லாம் எங்கள் தலையில்தான். இந்தத் துறையில் இருக்கும் சக பாவப்பட்ட ஜீவன்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஒரகடத்தில், கார்களுக்கு ஒயரிங் செய்யும் ஒரு தொழிற்சாலையில் உட்கார்ந்துகொண்டு, நாட்டின் கடலோரக் காவல் படைக்கு நிதி ஒதுக்கும் பாக்கியம் உங்களில் யாருக்கும் கிடைத்திருக்காது. எனக்குக் கிடைத்தது.

கார்டு என்றால் கார்டுதான்

சட்ட விழிப்புணர்வு வாரத்தை முன்னிட்டு எல்லாக் கிளைகளிலும் மாதிரி நாடாளுமன்றம் நடத்த வேண்டும் என்று தலைமை அலுவலகத்திலிருந்து மெயில் வந்தது. கிளைக்கு ஒரு மசோதா. குலுக்கிப் போட்டு எடுத்தார்களாம். வேறொரு கிளைக்கு உணவுக் கலப்படம் வந்தது. எங்களுக்கு வந்தது, “கடலோரக் காவல் படைக்கு நிதி ஒதுக்கவும் கடலோரப் பாதுகாப்பை ஒழுங்குபடுத்தவுமான மசோதா”. நிஜச் சட்டம் ஏற்கெனவே தனியாக இருக்கிறது. இது போட்டிக்காக யாரோ ஏசி அறையில் உட்கார்ந்து எழுதியது. எங்கள் பிளான்ட் ஹெட் தணிகாசலம் சார் மெயிலைப் படித்துவிட்டு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். லாரிகளும் புழுதியும் தெரிந்தன. கண்ணுக்கு எட்டியவரை கடல் இல்லை.

நோட்டீஸ் போர்டில் “கோஸ்ட் கார்டு நிதி மசோதா” என்று அறிவிப்பை ஒட்டினேன். மத்தியானத்துக்குள் கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி ஆட்கள் அத்தனை பேரும் என் அறை வாசலில் நின்றார்கள். கார்டுகளுக்கு நிதி ஒதுக்கப்போகிறார்கள் என்று செய்தி பரவியிருந்தது. இது கடலைக் காவல் காக்கிறவர்களுக்கு, அதுவும் நிஜமில்லை, நாடகம் மாதிரி என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அவர்களுடைய சூப்பர்வைசர் முழுக்கக் கேட்டார். தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டார்.

“கோஸ்ட் எங்க இருந்தா இன்னா மேடம், கார்டுன்னு போட்டு கீதில்ல?”

எதிர்க்கட்சிக்கு மட்டும் கூட்டம்

கட்சி பிரிப்பதில் சிக்கல் வந்தது. ஆளுங்கட்சியில் சேர ஒருவரும் வரவில்லை. நிர்வாகத்தின் முன்னால் மேஜையைத் தட்டிக் கத்தலாம், யாரும் மெமோ கொடுக்க முடியாது என்று தெரிந்ததும் மொத்த ஷிஃப்டும் எதிர்க்கட்சியில் சேர்ந்துவிட்டது. கடைசியில் தாமதமாக வந்தவர்களை எல்லாம் பிடித்து ஆளுங்கட்சி ஆக்கினேன். சபாநாயகர் பதவிக்கு மட்டும் போட்டியே இல்லை. லைன் லீடர் குமுதா இருக்கும்போது வேறு யாரைப் போடுவது? மெஷின் ஓடும்போது ஹாலின் இந்த மூலையிலிருந்து கூப்பிட்டால் அந்த மூலையில் இருப்பவர் கையிலிருக்கும் ஸ்பேனரைக் கீழே போட்டுவிடுவார்.

முதல் ஒத்திகை. மசோதாவின் தலைப்பைப் படித்து முடிப்பதற்குள் எதிர்க்கட்சி வெளிநடப்பு செய்தது. ஜனநாயகம் நன்றாக வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டேன். வெகுநேரமாகியும் ஒருவரும் திரும்பவில்லை. போய்ப் பார்த்தால் கேன்டீனில் சூடாக மசால் வடை. தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். ஷிஃப்ட் நேரத்தில் வடை சாப்பிட இதைவிடச் சட்டபூர்வமான வழி இருக்கிறதா என்ன? காலி நாற்காலிகளுக்கு நடுவே தனியாக உட்கார்ந்திருந்த குமுதா என்னைப் பார்த்துச் சொன்னாள்:

“வெளிநடப்புன்னு ஒண்ணு இருந்தா உள்நடப்புன்னும் ஒண்ணு இருக்குன்னு அவங்களுக்கு யாராச்சும் சொல்லிக் குடுங்க மேடம்.”

பழசு எங்கே?

நிதியமைச்சர் ஆனவர் ஏழுமலை அண்ணன். இருங்காட்டுக்கோட்டைக்காரர். பல வருஷமாக எங்கள் ஸ்டோர்ஸ் அவர் கையில்தான். அவரிடம் புதுக் கையுறை வேண்டுமென்றால் கிழிந்த கையுறையைக் கொடுக்க வேண்டும். புது பல்பு வேண்டுமென்றால் ஃபியூஸ் போன பல்பு. ஒரு தடவை தணிகாசலம் சாரே பேனா கேட்டு, தீர்ந்த ரீஃபிலைக் காட்டித்தான் வாங்கிக்கொண்டு போனார்.

மசோதாவின் நிதிப் பிரிவை அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். ரோந்துக் கப்பல்கள், ஹெலிகாப்டர்கள், ராடார். படிக்கப் படிக்க முகம் சுருங்கியது. ஒவ்வொன்றையும் சிவப்பு மையால் அடித்தார். “எல்லாம் எக்ஸஸ் ஸ்டாக்” என்றார். அண்ணே, நீங்க ஆளுங்கட்சி, இது உங்க மசோதா, நீங்களே வெட்டினா எப்படி என்று கெஞ்சினேன். அவர் அசையவில்லை. கடலோரம் எவ்வளவு நீளம், கண்காணிக்க எத்தனை கப்பல் வேண்டும் என்று நான் இரவெல்லாம் கண்விழித்துச் செய்த ஸ்லைடுகளை ஒன்றுவிடாமல் காட்டினேன். கடைசி ஸ்லைடில் ஹெலிகாப்டர் படம். அதை மட்டும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

“பழைய ஹெலிகாப்டர ரிட்டன் போட்டுட்டு புதுசு எட்த்துக்கினு போவ சொல்லு.”

ஏழாவது பிரிவு

இதுவரை வந்ததெல்லாம் கூத்து என்றால், முதன்முதலில் விஷயம் தெரிந்து பேசியவன் ஜெர்சன். ஒயர் முனைகளை அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் லைனில் வேலை. தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர். சுங்குவார்சத்திரத்தில் நாலைந்து பையன்களோடு ரூம் எடுத்துத் தங்கியிருந்தான். அப்பாவும் அண்ணனும் கடலுக்குப் போகிறவர்கள். எதிர்க்கட்சியில் பின்வரிசையில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தவன், ஏழாவது பிரிவு வந்ததும் எழுந்துவிட்டான். கடலுக்குப் போகும் ஒவ்வொருவரும் உயிர்காப்பு அங்கி போட்டிருக்க வேண்டும், படகில் ஆபத்துத் தகவல் அனுப்பும் கருவி இருக்க வேண்டும், புறப்படும்போதும் திரும்பும்போதும் தகவல் சொல்ல வேண்டும் என்றது அந்தப் பிரிவு.

“அந்த ஜாக்கெட்டப் போட்டுட்டு வலை இழுத்துப் பாத்திருக்கியளா? கக்கத்துல அறுக்கும். வேர்வைல புண்ணாயிரும். இத எழுதுனவரு ஒரு நாளாவது வள்ளத்துல ஏறியிருக்காரா?” என்று கேட்டான். ஏழுமலை அண்ணன் விடவில்லை. “தம்பி, இங்க நீ ஹெல்மெட் போடாம உள்ள வருவியா? அப்ப அங்கயும் போடு.” வாக்குவாதம் முற்றி, இருவருமே சபாநாயகரைப் பார்த்துப் பேச வேண்டும் என்பதை மறந்து, மேஜையைச் சுற்றி வந்துவிட்டார்கள். குமுதா விசில் ஊதினாள். ஜெர்சன் உட்காருவதற்கு முன் கடைசியாக ஒன்று சொன்னான்:

“இம்புட்டு ரூல்ஸ் போட்டியன்னா கடல்ல மீனு மட்டுந்தான் இருக்கும் மேடம், நாங்க எல்லாம் வீட்ல இருப்போம்.”

போட்டி நாள்

போட்டியன்று காலையில் ஜெர்சன் என் அறைக்கு வந்தான். கண் சிவந்திருந்தது. அண்ணன் போன வள்ளம் கரைக்கு வரவில்லை. முந்தின நாளே வந்திருக்க வேண்டும். காற்று மோசம், கூடப் போனவர்களின் போனும் எடுக்கவில்லை. ஊர்க்காரர்கள் கடலோரக் காவல் படைக்குத் தகவல் சொல்லிவிட்டார்கள். தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் கடைசியாக வந்த செய்தி. ஊருக்கு பஸ் சாயங்காலம்தான். லீவு போட்டு ரூமுக்குப் போ என்றேன். “ரூம்ல செவுத்தப் பாத்துட்டு இருக்க முடியல மேடம். இங்கயே இருக்கேன்” என்றான். ஹாலுக்குள் போன் கொண்டுவரக் கூடாது என்பது எங்கள் விதி. குமுதா அவன் கையிலிருந்து போனை வாங்கி, சத்தத்தைக் கூட்டி, சபாநாயகர் மேஜையில் தன் விசிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். தணிகாசலம் சார் பார்த்தார். வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பெரிய திரையில் தலைமை அலுவலக நடுவர்கள் மூன்று பேர் வரிசையாகத் தெரிந்தார்கள். நிதியமைச்சர் பேச எழுந்தார். கையில் சிவப்பு மை அடித்த அதே தாள். பின்வரிசையில் ஜெர்சன் மேஜைமேல் இருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏழுமலை அண்ணன் அவனைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

“கேட்ட கப்பல் மொத்தமும் குட்த்தாச்சு. ஹெலிகாப்டரும் குட்த்தாச்சு. பழசு எதையும் ரிட்டன் கேக்கல. மொதல்ல போய்த் தேடட்டும்.”

நிதி எங்கிருந்து வரும் என்று ஒரு நடுவர் கேட்டார். “அது ஸ்டோர்ஸ் பாத்துக்கும் சார்” என்றார் அண்ணன். அடுத்து எதிர்க்கட்சித் தலைவர் எழுந்து, மனப்பாடம் செய்துவைத்திருந்த கண்டனத்தை விட்டுவிட்டு, இது போதாது, இரண்டு மடங்கு கொடுங்கள் என்றார். எதிர்க்கட்சி முழுக்க மேஜையைத் தட்டியது. யார் எதிர்க்கிறார்கள் என்று நடுவர் கேட்டார். யாருமில்லை. போட்டி விதிப்படி யாராவது எதிர்த்தே ஆக வேண்டும் என்றார். அப்போதுதான் போன் அடித்தது.

“அவை ஒத்திவைக்கப்படுது! எல்லாரும் வாய மூடுங்க!” என்று குமுதா போட்ட சத்தத்தில் திரையில் இருந்த நடுவர்களும் வாயை மூடிக்கொண்டார்கள். ஜெர்சன் ஓடிவந்து போனை எடுத்தான். அவன் முதுகு மட்டும் எங்களுக்குத் தெரிந்தது. “ம்... ம்...” என்றான். அப்புறம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். ஏழுமலை அண்ணன்தான் பக்கத்தில் போய்க் குனிந்தார். ஜெர்சன் நிமிர்ந்து, “கிடைச்சிட்டாவ. எல்லாரும் உசுரோட இருக்காவ” என்றான். இன்ஜின் நின்றுபோய்க் காற்றில் வெகுதூரம் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. காவல் படைக் கப்பல் கண்டுபிடித்து ஏற்றிக்கொண்டதாம். ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் கட்டிப்பிடித்துக்கொண்டன. கேட்டிலிருந்து செக்யூரிட்டி ஆட்கள் ஓடிவந்தார்கள், ஏதோ அடிதடி என்று நினைத்து.

அமளி அடங்கியதும் ஜெர்சன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சபாநாயகரைப் பார்த்து, முறைப்படி கையைத் தூக்கினான்.

“ஏழாவது பிரிவ எதிர்த்துப் பேசுனத வாபஸ் வாங்குதேன். ஆனா அந்த ஜாக்கெட்டு கக்கத்துல அறுக்காமத் தைக்கணும்னு ஒரு வரி சேத்துக்கிடுங்க.”

கடைசி இடம்

மசோதா ஒருமனதாக நிறைவேறியது. எதிர்ப்பே இல்லாத விவாதம் விவாதமாகாது என்று சொல்லி நடுவர்கள் எங்களுக்குக் கடைசி இடம் கொடுத்தார்கள். உணவுக் கலப்படத்தில் நாற்காலி தூக்கிச் சண்டை போட்ட கிளைக்கு முதல் பரிசு. தணிகாசலம் சார் என்னைத் திட்டுவார் என்று பயந்துகொண்டே போனேன். அவர் ஜெர்சனை பஸ் ஏற்றிவிட கம்பெனி வண்டிக்கு டிரைவரைத் தேடிக்கொண்டிருந்தார்.

ஊரிலிருந்து திரும்பி வந்தபிறகு ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், அவன் தன் அண்ணனுக்கு போன் போட்டு என்னிடம் கொடுத்தான். எப்படி இருக்கீங்க, கப்பலில் ஏறினதும் அங்கே இருந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று விசாரித்தேன். அந்தப் பக்கம் அலைச் சத்தமும் சிரிப்புச் சத்தமும் கேட்டன.

“மொதல்ல டீ குடுத்தாவ மேடம், அப்புறம் ஜாக்கெட்டு எங்கலேன்னு ஏசுனாவ. ரெண்டுமே நல்ல சூடு.”

எங்கள் தொழிலின் சாரம் இவ்வளவுதான்: காணாமல் போனவர் உயிரோடு கிடைத்த நாளுக்கும், “நிகழ்ச்சி எப்படி இருந்தது, ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம்?” என்று எல்லாருக்கும் மெயில் அனுப்பியே ஆக வேண்டும்.