அக்கா சாய்த்து நிமிர்த்திய கார்

எங்கள் அக்கா கண்மூடி ஓர் ஆண்டு நிறைகிறது. திதிக்கு வரும் உறவினர் கையில் கொடுக்க ஒரு நினைவு மலர் போடுகிறோம், நீங்கள்தான் எழுத வேண்டும் சித்தி என்று அக்காவின் பிள்ளைகள் கேட்டார்கள். உடன்பிறந்தவர்களில் மிஞ்சியிருப்பவள் நான் ஒருத்திதான். வேறு வழியில்லாமல் என்னிடம் வந்திருக்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும். அச்சில் வருவதால் ‘அவர்’ என்று மரியாதையாக எழுதுகிறேன். இருந்தவரை எனக்கு அக்கா ‘நீ’தான்.

அக்கா ஜவளகிரியில் பிறந்தார். காட்டோரத்து மானாவாரி நிலம். ராகியும் அவரையும் விளையும். யானை இறங்கிய வருஷம் களி குறையும், இறங்காத வருஷம் வயிறு நிறையும். அப்பா வழியில் தமிழ், அம்மா வழியில் கன்னடம், சந்தையில் தெலுங்கு என்று வளர்ந்ததால் அக்காவுக்கு மூன்று மொழியிலும் சண்டை போட வரும். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு நின்றது. பதினேழு வயதில் ஓசூர் மாமாவுக்கு வாழ்க்கைப்பட்டார்.

மாமாவிடம் சொந்தமாக ஒரு வாடகைக் கார் இருந்தது. பெங்களூரில் காப்பித் தோட்டத்துக்காரர் ஒருவர் ஓட்டிக் கழித்த பழைய சீமை வண்டி. ஐம்பதுகளில் ஓசூரில் இன்று இருக்கிற தொழிற்சாலை ஒன்றும் கிடையாது. கல்யாணம், ஆஸ்பத்திரி, கோர்ட் என்று யாருக்கு அவசரமோ அவர்கள் மாமாவைத் தேடி வருவார்கள். மாமா நல்ல மனிதர். முகத்துக்கு நேராக ‘முடியாது’ என்று சொல்லத் தெரியாது. அந்தக் குணம்தான் வண்டிக்கு வினையாக வந்தது.

மாங்காய்க் காலத்தில் கிருஷ்ணகிரிப் பக்கத்து ஊறுகாய் வியாபாரி ஒருவர் உப்பில் ஊறிய மாங்காயைப் பீப்பாயில் அடைத்துப் பெங்களூருக்கு அனுப்புவார். கட்டை வண்டியில் போனால் நாளாகும் என்று மாமாவைக் கெஞ்சினார். மாமா பின் சீட்டைக் கழற்றிவிட்டுப் பீப்பாய்களை ஏற்றினார். சூளகிரி மேட்டில் வண்டி மூச்சுவாங்கி ஏறும்போது பீப்பாய் தளும்பும். உப்புத் தண்ணீர் தளத்தில் வழிந்து அடியில் இறங்கும். மறுநாள் சவாரிக்கு ஊறுகாய் வாசம் போக வேண்டுமே என்று மாமா குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, அந்த ஈரத்தின்மேலேயே சாக்கை விரித்துவிடுவார். சில வருஷம் இப்படியே ஓடியது. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்தாக வேண்டும் என்பார்கள். எங்கள் வண்டி இரண்டையும் வயிறு நிறைய வாங்கிக்கொண்டது.

மாமா அடிப்பாகத்தைக் கவனிக்காமல் விட்டவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஆயுத பூசை தோறும் வண்டியைக் கழுவிய கையோடு அடியில் படுத்துத் தார் பூசுவார். பழைய தாரின்மேல் புதுத் தார், சேற்றின்மேல் தார், ஈரத்தின்மேல் தார். குனிந்து பார்த்தால் கருகருவென்று கெட்டியாகத்தான் தெரியும். அதைப் பார்த்து மாமாவுக்கு ஒரே பெருமை.

அக்காவின் மூன்றாவது பிரசவத்துக்கு ஒத்தாசையாக நான் ஓசூர் வந்திருந்தபோதுதான் அந்தப் பெருமை உடைந்தது. தளியில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளையின் தாய்மாமன் நல்ல பருமனான ஆள். பெண் வீட்டு வாசலில் வண்டி நின்றது. இறங்குவதற்காக அவர் காலை அழுத்தி ஊன்றினார். தளம் அப்படியே உள்வாங்கியது. காருக்குள் உட்கார்ந்தபடியே மனிதர் தளி மண்ணை மிதித்துவிட்டார். சிராய்ப்புத்தான், பெரிய காயம் இல்லை. ஆனால் மேளக்காரர் முதற்கொண்டு அத்தனை பேரும் சிரித்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அடுத்த வாரமே எங்கள் வண்டிக்கு ‘நடக்கிற கார்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். சவாரி நின்றது.

மாமாவுக்கு எதுவும் வைத்தால் குடுமி, சிரைத்தால் மொட்டைதான். ஒருநாள் காலையில் களி உருண்டையைத் தொடாமல் உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

“வண்டிய பழைய இரும்புக்குப் போட்டுட்டு பெங்களூரு போறன். ஒரு மில்லுக்காரரு வூட்டுல டிரைவர் வேலை இருக்குது. டிரைவருங்க எல்லாம் ஒரே ரூம்புல தங்கிக்கணும். மாசத்துக்கு ஒருக்கா வந்துட்டுப் போறன்.”

“அப்போ நானு?” என்றார் அக்கா.

“நீ பசங்களோட எங்க அண்ணன் வூட்டுல இரு.”

அக்கா குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு, களைக்கொத்தை எடுத்துக்கொண்டு வண்டியடிக்குப் போனார். படுத்து, எட்டிய இடத்தில் ஒரு கொத்துக் கொத்தினார். தார் அடை அடையாகப் பெயர்ந்து விழுந்தது. உள்பக்கம் முழுக்கச் செம்மண் போலத் துரு, அதுவும் ஈரமாக. விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

“அடியே, உப்பு கரிக்குதுடி!” என்று என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

மாமா ஓடிவந்தார். “நாந்தான் வருஷா வருஷம் தாரு பூசறனே!”

“தோசைக்கல்லைக் கழுவி ஈரத்தோட மூடி வெச்சா இன்னா ஆவும்? நீங்க அதைத்தான் செஞ்சிருக்கறீங்க. உப்ப உள்ள வெச்சி மூடிட்டீங்க. அது குந்திக்கிட்டுத் தின்னுது.”

“சரி, இருந்துட்டுப் போவட்டும். அடியில படுத்தா கண்ணுல துரு வுழுது, சுத்தி ஓங்க எடமில்ல. யாரு செய்யறது?”

அன்று சந்தை நாள். எதிர்த்த மைதானத்தில் லாடம் அடிப்பவர் ஒரு காளையைக் கயிறு போட்டுச் சாய்த்துக்கொண்டிருந்தார். அக்கா அந்தப் பக்கம் கையைக் காட்டினார்.

“அம்மாம் பெரிய காளைய நாலு பேரு சாய்க்கறாங்க. இதுக்குக் கொம்பும் இல்ல, ஒதைக்கவும் ஒதைக்காது. இதச் சாய்க்க முடியாதா?”

மாமா தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் தகர வேலை செய்யும் பாயைக் கூப்பிட்டுக் கேட்டபோது அவர் சிரிக்கவில்லை. பெட்ரோல், எண்ணெய், தண்ணீர் எல்லாவற்றையும் வடித்து, பேட்டரியைக் கழற்றிவிட்டுச் சாய்த்தால் நின்றபடியே வேலை செய்யலாம் என்றார். தளம் போனால் புதுத் தளம் போடலாம். வண்டியின் நெடுக ஓடுகிற இரண்டு இரும்புச் சட்டங்கள் செத்திருந்தால் மட்டும் ஒன்றும் செய்வதற்கில்லை என்றும் சொன்னார்.

அக்கா மாமாவைப் பார்த்தார். “சட்டம் நல்லா இருந்தா நீங்க பெங்களூரு போவக் கூடாது. செத்துப்போயிருந்தா நான் ஒரு வார்த்த பேசமாட்டன். சரிங்களா?”

“சரி” என்றார் மாமா.

மைதானத்தில் வைக்கோலைப் பரப்பி, கதவுப் பக்கத்துக்கு வைக்கோல் அடைத்த சாக்குகளை அண்டைகொடுத்தார்கள். கயிறு பிடிக்கச் சந்தைக்கு வந்த ஆட்களே சேர்ந்துகொண்டார்கள். லாடக்காரர்தான் மேஸ்திரி. “இதக்கூ லாள கட்டபேகேனம்மா?” என்று, இதற்கும் லாடம் கட்ட வேண்டுமா என்று அக்காவைக் கன்னடத்தில் கிண்டல் செய்துவிட்டு, “மெல்லகே, மெல்லகே” என்று குரல் கொடுத்தார். வண்டி ஒரு பக்கமாகச் சரிந்து, பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தத்தோடு வைக்கோலில் படுத்தது. வழியோடு போனவர்கள் கார் செத்துப்போச்சா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

தாரைச் சுரண்டச் சுரண்ட அதன் யோக்கியதை தெரிந்தது. ஒரு மூலையில் தாருக்கும் தகட்டுக்கும் நடுவே கறுத்துப்போன மாங்காய்த் துண்டு ஒன்றுகூட இருந்தது. தளத்தில் பாதி, கை பட்டாலே உதிர்ந்தது.

பிறகு பாய் சுத்தியலை எடுத்தார். நல்ல இரும்பு மணி மாதிரிப் பேசும், செத்த இரும்பு பேசாது என்று சொல்லிவிட்டு முதல் சட்டத்தை நெடுகத் தட்டினார். கணீர் கணீர் என்றது. இரண்டாவது சட்டமும் அப்படியே வந்தது. பின்சக்கரத்துக்கு அருகில் மட்டும் ‘தப்’ என்று விழுந்தது. பாய் நிமிர்ந்து யாரையும் பார்க்கவில்லை. மாமா தரையைப் பார்த்தார். அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“இருங்கம்மா, இங்க தாரும் சேறும் கட்டி கட்டியா இருக்குது. சொரண்டிட்டுச் சொல்றன்” என்றார் பாய். உளியால் வெட்டி வெட்டி எடுத்தார். சாணி வரட்டி கனத்துக்கு வந்தது. அடியில் இரும்பு அம்மைத் தழும்பு போலக் குழிந்திருந்தது, ஆனால் இருந்தது. மறுபடி தட்டினார். கணீர் என்றது.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பிள்ளைக்குப் பசிக்கும் என்று வீட்டுக்குள் போய்விட்டார். பிள்ளை அப்போது நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

அதன்பிறகு நடந்தது முழுக்கச் சந்தோஷமான வேலை. உப்புப் போகும்வரை வெந்நீர் ஊற்றித் தேய்த்தோம். நன்றாக வெயிலில் காயவைத்தோம். பாய் செத்த தகட்டை வெட்டியெறிந்து, எண்ணெய்ப் பீப்பாயைப் பிளந்து தட்டையாக்கிப் புதுத் தளம் அடித்தார். குழிந்த சட்டத்துக்கு ஒரு தகட்டை வைத்து ஆணி அறைந்து இறுக்கினார். மேலே சிவப்புச் சாயம். தாருக்குப் பதில் என்ன பூசுவது என்ற கேள்வி வந்தபோது அக்கா ஜவளகிரிக்குச் சொல்லியனுப்பித் தேன்மெழுகு வரவழைத்தார். அதை இன்ஜின் எண்ணெயோடு உருக்கிப் பூசினால் வெடிக்காமல் இளக்கமாக நிற்கும் என்று பாயும் ஒப்புக்கொண்டார்.

அக்கா அதோடு விட்டாரா? கதவுக்குக் கீழே இருந்த சிறு துளைகளையெல்லாம் மெழுகு வைத்து அடைத்துவிட்டார். மாமா செய்த அதே தப்பு. பாய் பதறிப்போனார். “அய்யய்யோ, அது தண்ணி போவற வழிம்மா! அதையும் மூடினா மறுபடி ஊறுகாதான்!” அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டு, துடைப்பக் குச்சியால் ஒவ்வொரு துளையாகக் குத்தித் திறந்தார். மாமா அந்த வாரம் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லியே சோறு தின்றார்.

இதற்கு முன்னால், சாயம் காய்ந்துகொண்டிருந்தபோதே மாமாவைக் கூட்டிப்போகப் பெங்களூரிலிருந்து மில்லுக்காரர் வீட்டு ஆள் வந்துவிட்டார். மாமா சிவப்புக் கையோடு கும்பிட்டு, “வண்டி நல்லா இருக்குதுங்க. நான் வரல” என்றார். முகத்துக்கு நேராக மாமா ‘வரல’ என்று ஒருவரிடம் சொன்னதை நான் கேட்டது அதுதான் முதல்முறை. அக்கா வந்தவருக்கு இலை போட்டுச் சாப்பாடு போட்டு அனுப்பினார். அடுத்த மாங்காய்க் காலத்தில் ஊறுகாய் வியாபாரி மறுபடி வந்து நின்றார். அவரை அக்கா தெலுங்கில் அனுப்பினார்.

நிமிர்த்தி வைத்த அந்த வண்டி பிறகும் நெடுநாள் ஓடி, பிள்ளைகளைப் படிக்கவைத்தது. அக்கா இரண்டு பஞ்சங்களையும், ஒரு மகனின் நெடுங்காய்ச்சலையும், மாமாவின் மறைவையும் தாங்கினார். மகன்கள் ஓசூர்த் தொழிற்சாலைகளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். பேரப்பிள்ளைகள் வாங்கிய கார்களுக்கு அடியிலும் குனிந்து பார்த்துவிட்டுத்தான் ஏறுவார். கடைசி மாதங்களில் கால் வரவில்லை, வாய் மட்டும் வந்தது. தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார்.

படுக்கையில் இருந்தபோது முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட மருமகள்களுக்கும், தினமும் வந்து போன அண்டை வீட்டாருக்கும், தளியிலிருந்தும் ஆனேக்கல்லிலிருந்தும் மழையில் நனைந்துகொண்டு வந்து மாலை போட்டவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அன்று கயிறு பிடித்தவர்களில் பலர் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. அவர்கள் வழிவந்த யார் கையிலாவது இந்த மலர் சேர்ந்தால், அவர்களையும் கும்பிடுகிறோம்.

கடைசியாகப் பார்க்கப் போனபோது அக்காவிடம் கேட்டேன். “அன்னைக்கு அந்தச் சட்டம் நெசமாவே செத்திருந்தா இன்னா பண்ணியிருப்ப? ஒரு வார்த்த பேசமாட்டன்னு சொன்னியே?”

“பேசியிருக்கமாட்டன். பசங்களத் தூக்கிக்கிட்டு அவரு பின்னாடியே பெங்களூரு போயிருப்பன்” என்றார். “காரு யாருக்குடி வேணும்? எனக்கு அவரு ராத்திரி சோத்துக்கு வூட்டுக்கு வரணும்.”

மாமா வந்தார். உயிரோடு இருந்தவரை வந்தார்.