பன்னிரண்டு முறை நிறுத்திய இன்ஜின்

1987 ஏப்ரல் 23, வியாழக்கிழமை, காலை ஆறு நாற்பது. வானத்தில் துண்டு மேகம்கூட இல்லை. காற்றும் இல்லை, அந்நேரத்துக்கே சட்டை முதுகில் ஒட்டியது. இண்டூருக்கு மேற்கே இருந்த எங்கள் தோட்டத்துக்குள் போர் போடும் லாரிகள் இரண்டு வந்தன. ஒன்றில் துளைக்கும் கருவி, இன்னொன்றில் பாறைத்தூளை ஊதி வெளியேற்றும் கம்ப்ரசர்.

தோட்டத்தில் நூற்று அறுபத்து நான்கு தென்னைகள். பதினோரு வயது. கிணறு வற்றி ஐம்பத்திரண்டு நாள் ஆகியிருந்தது. இன்னும் ஒரு மாதம் தண்ணீர் இல்லையென்றால் மரங்கள் தப்பாது.

அடிக்கு இருபத்தாறு ரூபாய், டீசல் என் செலவு என்று பேச்சு. அரூர் தாலுகா ஆபீசில் முப்பத்தொரு வருடம் கணக்கெழுதியவன் நான். டீசல் என் செலவு என்றதுமே ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு கம்ப்ரசர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

இருபது அடிக்கு ஒருமுறை குழாய் இணைக்க வேண்டும். இணைக்கும் அந்த ஐந்து நிமிஷமும் கம்ப்ரசர் இன்ஜின் சும்மா உறுமிக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொன்னேன். ஆபரேட்டர் திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும்.

"உடனே ஆஃப் பண்ணக் கூடாதுங்க சார். அஞ்சு நிமிஷம் ஸ்லோவுல ஓடோணும். ரெண்டு டர்போ இருக்குதுங்க இதுல."

கூட்டிப் போய்க் காட்டினார். எட்டு சிலிண்டர், நாலு நாலாக இரண்டு வரிசை. வரிசைக்கு ஒரு டர்போ, நத்தை ஓடு போல. இன்ஜின் கக்கும் சூடான புகை அதற்குள் ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து சிலிண்டருக்குள் திணிக்கிறது. காற்று கூடினால் டீசல் கூடுதலாக எரியும், பலம் கூடும். ஒரே பெரிய சக்கரமென்றால் வேகம் பிடிக்க நேரமாகும் என்பதால் சிறிதாக இரண்டு. பந்தயக் கார்களிலும் இப்படி உண்டு என்று பிற்பாடு ஒரு பத்திரிகையில் படித்தேன். நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றும் அந்தத் தண்டு எண்ணெயில் மிதக்கிறது. இன்ஜின் நின்றால் எண்ணெய் வரத்து நின்றுவிடும். தண்டு நிற்காது, சூடும் இறங்காது. உள்ளே தங்கிய எண்ணெய் கரியாகும்.

எல்லாம் புரிந்தது. ஆனாலும் மணிக்கு நாலு லிட்டர், லிட்டர் மூன்றரை ரூபாய் என்று மனம் ஓடியது.

"நிறுத்துப்பா" என்றேன்.

"சார் டீசல குடிச்சிப் பாத்தே அளவு சொல்வாருங்க போல" என்றான் குழாய் தூக்குபவன். மற்றவர்கள் சிரித்தார்கள்.

மோர் கொண்டுவந்த என் மனைவி, "ஓடினா ஓடிட்டுப் போவட்டுங்க. நமக்குத் தண்ணி வந்தாப் போதாதுங்களா?" என்றாள்.

பன்னிரண்டு முறை நிறுத்த வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் நேரம் குறித்து, 'என் சொற்படி நிறுத்தப்பட்டது' என்று எழுதி ஆபரேட்டரிடம் கையெழுத்து வாங்கினேன். ஓடியதாகச் சொல்லி டீசல் கணக்கைக் கூட்டிவிடுவார்களோ என்று பயம்.

இருநூற்று நாற்பது அடியில் தூள் ஈரமாக வந்தது.

"ஈரம் தட்டுதுங்க சார். இன்னும் முப்பதடி போனா ஊத்து உண்டுங்க" என்றார் ஆபரேட்டர்.

பன்னிரண்டாவது நிறுத்தத்துக்குப் பின் இன்ஜினைக் கிளப்பிப் பன்னிரண்டு அடி துளைத்தபோது, அதுவரை இரண்டு பக்கமும் கேட்ட டர்போ விசில் சத்தம் ஒரு பக்கம்தான் கேட்டது. இடது வரிசையிலிருந்து கரும்புகை. அந்த டர்போவின் தண்டு இறுகிவிட்டது. ஆபரேட்டர் குழாயை மேலே தூக்கப் பாய்ந்தார். அதற்குள் காற்றின் பலம் குறைந்து, மேலே வர வேண்டிய பாறைத்தூள் கீழேயே இறங்கி ஹேமரைக் கவ்விக்கொண்டது. ஹேமர் என்பது குழாய் முனையில் பாறையை இடித்து உடைக்கும் சம்மட்டி. அப்போது ஆழம் இருநூற்று ஐம்பத்திரண்டு அடி.

மறுநாள் மதியம்வரை இழுத்தார்கள். ஹேமருக்கு மேலே திருகுமரை பிய்ந்து வெறும் குழாய்தான் வந்தது.

சனிக்கிழமை வண்டியின் உரிமையாளர் வந்தார். உங்கள் இயந்திரப் பழுதுக்கு நான் பொறுப்பில்லை என்றேன். அவர் சத்தம் போடவில்லை.

"அந்த நோட்ட கொஞ்சம் குடுங்க சார்."

கொடுத்தேன். பன்னிரண்டு வரியையும் விரல் வைத்துப் படித்தார்.

"எழுத்து உங்களுதுதானுங்களே?"

"ஆமா."

"எங்காளு முதல்லயே சொன்னானுங்களா, இல்லீங்களா?"

சொன்னார் என்றேன். பொய் சொல்லியிருக்கலாம். மனைவி அங்கேதான் நின்றாள்.

அடைபட்ட துளைக்குக் கீழே ஈரம் இருந்தது. இன்னொரு துளை போடப் பணம் இல்லை. ஆடி முடிவதற்குள் தொண்ணூற்றேழு மரங்களின் குருத்து சாய்ந்தது. தினமும் எண்ணினேன். மனைவி அதற்குப் பிறகு தோட்டத்துப் பக்கமே வரவில்லை.

நிறுத்தி நிறுத்தி நான் மிச்சம் பிடித்தது நாலு லிட்டர், பதினான்கு ரூபாய். துளைத்த கூலி, டீசல், ஹேமர், ஒரு டர்போ எல்லாம் சேர்த்து, தோட்டத்தின் கிழக்குப் பாதியை விற்று நான் கொடுத்தது இருபத்தெட்டாயிரத்து முப்பத்திரண்டு ரூபாய்.