வீடியோவில் மயங்கிக் கிடந்தது என் மகள்

தை மாதக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை. கோவில்பட்டியில் நான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடைக்குக் கல்யாணப் புடவை எடுக்க ஒரு பெரிய கூட்டம் வந்திருந்தது. புடவைகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது செல்போன் அடித்தது. எங்கள் ஊரில் பக்கத்து வீட்டுப் பெண்.

"அக்கா, ஒங்க மக ஸ்கூல்ல ஊசி போட்டு மயங்கி விழுந்துட்டாளாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காவ. சீக்கிரம் வாங்க."

கையில் இருந்த புடவை எங்கே விழுந்தது என்றே தெரியவில்லை. என் கணவர் லாரி டிரைவர். அன்று ஆந்திராவில் இருந்தார். கடை முதலாளியை நாங்கள் பாய் என்றுதான் கூப்பிடுவோம். என் முகத்தைப் பார்த்ததும் அவர் பைக் சாவியை எடுத்துவிட்டார். விளாத்திகுளம் சாலையில் எங்கள் ஊர் வரைக்கும் அவர்தான் கூட்டிக்கொண்டு போனார். வழியெல்லாம் உளுந்து உதிர வண்டிச் சக்கரம் ஏறட்டும் என்று உளுந்தஞ்செடியை ரோட்டில் பரப்பியிருந்தார்கள். அங்கங்கே பைக் மெதுவாகும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

பள்ளியில் அன்று போட்டது, பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வராமல் தடுக்கிற ஊசி. என் மகள் ஒன்பதாம் வகுப்பு. அதற்கு முன்பே பெற்றோரைக் கூப்பிட்டு விளக்கம் சொல்லியிருந்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு சம்மதிக்கவில்லை. பின்னால் பிள்ளை பிறப்பதில் ஏதாவது கோளாறு வருமா, ஏன் இந்தச் சின்ன வயதிலேயே போட வேண்டும் என்று எழுந்து கேட்டேன். அந்தக் கிருமி உடம்புக்குள் வருவதற்கு முன்பே போட்டால்தான் முழுப் பலன், பிள்ளைப் பேறுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். சில பிள்ளைகளுக்குப் பயத்தில் தலை சுற்றலாம், அதற்காகத்தான் ஊசி போட்டபின் கொஞ்ச நேரம் உட்கார வைக்கிறோம் என்றும் சொன்னார். கேட்டுத் தெரிந்துகொண்டுதான் சரி என்றேன்.

சரி என்றதற்கு இன்னொரு காரணமும் உண்டு. என் அக்கா அந்த நோயில்தான் செத்தாள்.

அக்காவைக் கட்டிக் கொடுத்ததும் இதே ஊரில்தான். மாதக்கணக்கில் அவளுக்கு ரத்தம் போய்க்கொண்டிருந்தது. புருஷனிடம் சொன்னபோது, "பொம்பளைக்கு இதெல்லாம் வாரதுதான்" என்று முடித்துவிட்டார். கடைசியில் திருநெல்வேலிக்குக் கொண்டு போனபோது எல்லாம் முற்றிவிட்டது. நோயின் பெயர் வெளியே தெரிந்தால் கேவலம் என்று, கேட்டவர்களிடமெல்லாம் வயிற்றில் கட்டி என்று சொன்னார் அத்தான். அவர் மகள், என் மகளோடு ஒரே வகுப்பில் படிப்பவள், அவளுக்குத் தெரிந்ததும் அந்தக் கட்டிதான்.

அந்தப் பெற்றோர் கூட்டத்தில் முதலில் எழுந்து எதிர்த்துப் பேசியதும் அத்தான்தான். "கல்யாணம் ஆகாத பிள்ளைகளுக்கு எதுக்கு இந்த ஊசி? நாளைக்குப் பொண்ணு கேட்டு வாரவன் என்ன நினைப்பான்?" என்றார். ஆண்கள் பலபேர் தலையாட்டினார்கள். தன் மகளுக்குப் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசலில் பெரிய கும்பல். நான் விலக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். என் மகள் கட்டிலில் உட்கார்ந்து ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அழுதுவிட்டாள். "பயத்துல காலைல ஒண்ணுமே சாப்பிடலம்மா. ஊசி போட்டதும் கண்ணக் கட்டிக்கிட்டு வந்துச்சு. பெறகு ஒண்ணும் தெரியல." பள்ளியிலேயே கண் விழித்துவிட்டாளாம், எதற்கும் பார்த்துவிடலாம் என்றுதான் இங்கே கொண்டு வந்திருக்கிறார்கள். டாக்டரும் நாடி, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை, சாயங்காலம் கூட்டிக்கொண்டு போகலாம் என்றார். அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன்.

முகம் கழுவலாம் என்று வெளியே வந்தேன். எதிரே அத்தான், செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி.

"வாட்டி, இங்கன வந்து நில்லு. கண்ணத் தொடைக்காத. அப்படியே பேசு. பெத்தவ பேசினாத்தான் எடுபடும்."

கண்ணைத் துடைக்காதே என்றார்.

"பிள்ளைக்கு ஒண்ணுமில்ல அத்தான். சாப்பிடாமப் போயிருக்கா" என்றேன்.

"அவிய அப்படித்தான் சொல்லச் சொல்லுவாவ. நீ பயப்படாத. நாங்க இருக்கோம்லா?"

பின்னால் நின்றவர்களும் ஆமாம் ஆமாம், நாங்க இருக்கோம் என்றார்கள். அதுவரை எனக்குப் பயம்தான் இருந்தது. அந்த வார்த்தையைக் கேட்டதும் ஆத்திரம் பொங்கி வந்தது.

"எப்ப இருந்தீங்க? எங்கக்கா ரத்தமாப் போயிக் கெடந்தப்ப இந்தக் கூட்டத்துல ஒருத்தர் வந்து எட்டிப் பாத்தீங்களா? கட்டின்னு சொன்னீங்களே அத்தான், என்ன கட்டி? கர்ப்பப்பை வாயில புத்துநோய். இந்த ஊசி எந்த நோய்க்குப் போடுதாவளோ, அதே நோய். இத எடுங்க வீடியோ!"

அத்தானின் கை தானாக இறங்கியது. அப்போதுதான் கவனித்தேன், பள்ளிப் பிள்ளைகளோடு யூனிபார்மில் என் அக்கா மகளும் நின்றுகொண்டிருந்தாள். தன் அம்மா எதனால் செத்தாள் என்பதை அந்தப் பிள்ளை அத்தனை பேருக்கு நடுவில் தெரிந்துகொண்டாள். அவள் தெரிந்துகொள்ள வேண்டிய விதமா அது?

அன்று சாயங்காலம் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் மகள் பக்கத்தில் உட்கார்ந்தவள், "சித்தி, அம்மாவுக்குப் பேரச் சொல்லக் கூடாத சீக்கா வந்துச்சு?" என்று கேட்டாள். "அப்படி ஒரு சீக்கும் கெடையாதுட்டி" என்று சொல்லி, அவள் அம்மாவுக்கு என்ன நடந்தது என்று முழுவதும் சொன்னேன். கோபத்தை ஒதுக்கி வைத்துவிட்டுச் சொல்வது பெரும்பாடாக இருந்தது.

ஆனால் நான் கத்தியதால் எதுவும் நின்றுவிடவில்லை. நான் போய்ச் சேர்வதற்கு முன்பே அத்தான் ஒரு வீடியோவை அனுப்பிவிட்டிருந்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருக்கிற என் மகளைக் காட்டி, "விஷ ஊசி போட்டு எங்க ஊர்ப் பிள்ளை கெடக்குற கெடையைப் பாருங்க மக்களே" என்று அவர் குரல். கயத்தாறு, பாஞ்சாலங்குறிச்சி என்று எங்கெங்கோ இருந்து சொந்தக்காரர்கள் துக்கம் விசாரிக்கிற மாதிரி கூப்பிட்டார்கள். என் கணவருக்கு ஆந்திராவில் யாரோ அனுப்பியிருக்கிறார்கள். பெற்ற மகளை அந்தக் கோலத்தில் பார்த்து, வண்டியை ஓரங்கட்டிவிட்டு அவர் போனில் அழுதது என் காதிலேயே இருக்கிறது. மறுவாரம் என் மகள் பள்ளியில் கோ-கோ விளையாடிக்கொண்டிருந்தாள். அதை யார் வீடியோ எடுத்தார்கள்?

அத்தான் அனுப்பிய வீடியோவை அழிக்கச் சொல்லி அவர் வீட்டுக்கே போனேன். "போனது போனதுதான். எல்லார் போன்லயும் போயி அழிக்கவா முடியும்?" என்றார்.

பங்குனி மாதத்தில் ஒருநாள் அத்தான் எங்கள் கடைக்கு வந்தார். துண்டு பார்ப்பது போல ஓரமாக நின்றுகொண்டு, கடையில் ஆள் குறைந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"எம் பிள்ளை சரியாச் சாப்பிட மாட்டேங்கா. எங்கிட்டப் பேசுறதும் இல்ல. நானும் ஒரு டாக்டர்ட்ட விசாரிச்சேன். அந்த ஊசி போட்டுக்கிடுறது நல்லதுன்னுதான் அவியளும் சொல்லுதாவ. இங்கனயே ஒரு ஆஸ்பத்திரியில வச்சுப் போட்டுருவோம். நீ கூட வா. ஆனா ஊர்ல மூச்சு விடக் கூடாது."

சந்தோஷப்படுவதா, காறித் துப்புவதா என்று தெரியவில்லை.

"வாரேன் அத்தான். நீங்களும் ஒரு காரியம் பண்ணுங்க. அந்த வீடியோவுல பேசினீங்கள்லா, அதே மாதிரி எம் மகளுக்கும் போட்டுட்டேன்னு ஒரு வார்த்தை பேசிப் போடுங்க."

"ஆளப் பாரு! பெறகு ஊருக்குள்ள என்னை எவன் மதிப்பான்?" என்றார்.

அவர் மானத்துக்காக அந்தப் பிள்ளையின் உடம்பைப் பணயம் வைக்க எனக்கு மனம் வரவில்லை. போனோம். ஊசி போடும்போது அக்கா மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. அத்தான் தெரிந்தவர்கள் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று எதிர்ப்பக்கம் டீக்கடைக்குள் உட்கார்ந்திருந்தார். திரும்பும்போது அவர் ஒரு பஸ்ஸில், நாங்கள் வேறு பஸ்ஸில். நோயைத்தான் மறைத்தார் என்றால், அந்த நோய் வராமல் இருக்கப் போட்ட ஊசியையும் மறைக்க வேண்டியதாயிற்று. இதை எழுதலாமா என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டேன். "எழுதுங்க சித்தி" என்றாள்.

ஊரில் அந்த வீடியோ இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. எங்கள் தெருவிலேயே சில வீடுகளில், அதைப் பார்த்துவிட்டுப் பெண் பிள்ளைகளுக்கு ஊசி வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். பஸ் ஸ்டாப்பில் அவர்களுடைய அம்மாமார் என்னைப் பார்த்தால், "ஒம் மகளுக்கு இப்ப ஒண்ணும் இல்லையே?" என்று மெதுவாகக் கேட்பார்கள். நல்லா இருக்கா, வந்து பாருங்க என்பேன். "இருந்தாலும் அந்த வீடியோவுல..." என்று இழுப்பார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை. கேள்வி கேட்பது அவர்கள் உரிமை, நானும் கேட்டவள்தான். அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அதே தெருவில், அதே பஸ்ஸில், வாய் திறக்காமல் போய் வருகிறார். தன் மகளை மட்டும் பத்திரப்படுத்திக்கொண்டு ஊர்ப் பிள்ளைகளைத் தன் பொய்யோடு விட்டுவிட்ட அந்த மௌனத்தைத்தான், அக்கா சாவுக்குக்கூட அவரை மன்னிக்கப் பார்த்த என்னால், இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.