சூடம் காட்டிய பதிவுத் தாள்

மெர்டேக்கா என்கிற சுதந்திரம் கிடைத்த புதிதில் காஜா பெராங் கடைத்தெருவில் நானும் அடுத்த கடைக்காரனும் கொட்டைப்பாக்கு வியாபாரம் செய்தோம். ஏற்றுமதிக்கான பதிவு அவனிடம் மட்டும்தான் இருந்தது. என் மூட்டைகளும் அவன் பெயரில்தான் மதராஸுக்குக் கப்பல் ஏறின. அந்தப் பதிவுத் தாளைச் சட்டம் போட்டு முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, தினமும் அதற்கும் சேர்த்துச் சூடம் காட்டுவான். பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் காலை கஸ்டம்ஸ் அதிகாரி வந்தார். சர்க்காருக்குக் கட்ட வேண்டிய வரி பாக்கி நிற்கிறது, கட்டும்வரை பதிவு நிறுத்தம் என்று சொல்லித் தாளைக் கழற்றிக்கொண்டு போனார். துக்கம் விசாரிக்கிற முகத்தோடு ஓடினேன். உள்ளுக்குள் எனக்கு அன்றைக்குத் தீபாவளி.

மறுநாளே புக்கிட் பாருவிலிருந்தும் புக்கிட் ரம்பாயிலிருந்தும் பாக்குக்காரர்கள் வந்து, வரி கட்டச் சொல்லி அவனிடம் ஆளுக்குக் கொஞ்சம் பணம் கொடுத்தார்கள். ஒருவர்கூட எழுதி வாங்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நம்ம மூட்டையும் அவரு கெடங்குலதானே கெடக்கு? மறந்துட்டீங்களா?" என்றாள் என் மனைவி.

சந்தோஷத்தில் மறந்தேதான் போயிருந்தேன்.

பல்லைக் கடித்துக்கொண்டு நானும் ஐம்பது வெள்ளி கொண்டுபோய்க் கொடுத்தேன். "நீங்க வருவீங்கன்னு எனக்குத் தெரியும், அண்ணே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

வீடு திரும்பும்போது, எனக்கு இப்படி ஒரு நிலை வந்தால் யார் பணத்தோடு வருவார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். அவன் ஒருவன்தான் வருவான். அதையும் என்னால் பொறுக்க முடியவில்லை.